திரியும் மனச்சான்றும்

விளக்கு எரிவதற்கு எண்ணெய் மட்டும் போதாது. எண்ணெயைச் சுடர்வரை ஏற்றித் தரத் திரியும் வேண்டும். பல இழைகள் சேர்ந்த திரி, தன் அடியில் இருப்பது எதுவாயினும் அதை உறிஞ்சி மேலே கொண்டு செல்லும். நம் இல்லங்களில் சிறு பிள்ளையும் அறிந்த இவ்வுண்மையை, கடல் கடந்த நாட்டில் ஒரு பெரிய மருந்து நிறுவனம் அறிந்தும் அறியாததுபோல் இருந்துவிட்டது. அதனால் இலட்சக்கணக்கான பெண்கள் நீதி கேட்க நேர்ந்தது.

1970-ஆம் ஆண்டு பெப்ருவரியில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் ஹியூ டேவிஸ், கருப்பைக்குள் பொருத்தும் புதிய கருத்தடைச் சாதனம் ஒன்றைப்பற்றி மருத்துவ இதழில் எழுதினார். நம் நாட்டில் 'லூப்' என வழங்கிய சாதனத்தின் இனத்தைச் சேர்ந்த அதன் பெயர் டால்கன் ஷீல்ட். 640 பெண்களிடம் சோதித்ததில் நூற்றுக்கு 1.1 பேரே கருவுற்றனர் என்றார் அவர். ஆனால் அதன் வருவாயில் தமக்கும் பங்கு உண்டென்பதை அக்கட்டுரையில் சொல்லவில்லை. அவ்வாண்டு ஜூனில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரின் ஏ.எச். ராபின்ஸ் நிறுவனம் 7,50,000 டாலருக்கு அதன் உரிமையை வாங்கியது. அதன் உரிமைக் குடும்பத்தார் தீயோர் எனப் பெயரெடுத்தவர்கள் அல்லர். 1969-இல் தம் நகரப் பல்கலைக்கழகத்துக்கு 5 கோடி டாலர் ஈந்தவர்கள். 1971 சனவரியில் விற்பனை தொடங்கியது. இத்தகைய சாதனங்களை விற்க அரசின் முன்னனுமதி தேவைப்படாத காலம் அது.

சாதனத்தை வெளியே எடுப்பதற்கென ஒரு நூல் இணைக்கப்பட்டிருந்தது. பிற சாதனங்களின் நூல் பெரும்பாலும் ஒற்றை இழையால் ஆனது. இதுவோ நூற்றுக்கணக்கான நுண்ணிய நைலான் இழைகளை ஓர் உறைக்குள் அடக்கியது; உறையின் இரு முனைகளும் திறந்தே இருந்தன. நூல் திரியாயிற்று, கிருமிகள் அதன் வழியே கருப்பைக்குள் ஏறின.

இதை முதலில் கண்டவர்களுள் ஒருவர், சாதனம் உருவான ஆலையின் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். 1971-இல் நூலின் ஒரு முனையை நீரில் இட்டு, நீர் மறுமுனைவரை ஏறுவதைக் கண்டார். முனைகளை வெப்பத்தால் அடைத்துவிடலாம் என்று வழியும் சொன்னார். இது அவருடைய வேலையன்று எனப் பதில் வந்தது. தம் மனச்சான்று பொறுக்கவில்லை என்றபோது, சம்பளம் தருவது மனச்சான்றன்று என்று மேலதிகாரி கூறியதாகப் பின்னாளில் அவர் சாட்சியம் அளித்தார்.

அமெரிக்காவில் மட்டும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதைப் பொருத்திக்கொண்டனர். அமெரிக்க அரசின் உதவித் திட்டம் வழியாக, கிருமிநீக்கம் செய்யப்படாமலே மொத்தமாக ஏழை நாடுகளுக்கும் அது சென்றது. பலருக்கு இடுப்புக்குழியில் நோய்த்தொற்று. பலர் தாய்மைப் பேற்றை இழந்தனர். சாதனம் உள்ளிருக்கக் கருவுற்ற சிலர், தொற்று இரத்தத்தில் பரவிக் கருவோடு தம் உயிரையும் இழந்தனர். 1974 ஜூனில் அமெரிக்காவில் விற்பனை நின்றது. ஆனால் உடலுக்குள் இருந்தவை உள்ளேயே இருந்தன.

செய்த பொருளால் தீங்கு விளைந்தால் செய்தவரே பொறுப்பு என்னும் சட்டநெறியை நம்பிப் பெண்கள் வழக்குத் தொடுத்தனர். நிறுவனத்தின் வழக்கறிஞர்களோ அவர்களின் அந்தரங்க வாழ்வைத் துருவினர். நோய்க்குக் காரணம் நூலன்று, உன் நடத்தையே என்று காட்ட முயன்றனர். நாணத்தால் பின்வாங்கியோரும் உண்டு.

1984 பெப்ருவரி 29 அன்று மின்னியாபொலிஸ் நகரில் நீதிபதி மைல்ஸ் லார்ட், நிறுவனத்தின் தலைவர் உட்பட மூன்று அதிகாரிகளைத் தம் முன் நிறுத்தினார். பெண்களை இவ்வாறு வதைப்பதைக் கடிந்தார். உடல்களுக்குள் இன்னும் இருப்பவற்றைத் திரும்பப் பெறுமாறு மன்றாடினார். தற்காத்துக்கொள்ள வாய்ப்பளிக்காமல் கண்டித்தார் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கண்டனத்தை ஏட்டிலிருந்து நீக்கியது. எனினும் அவ்வாண்டு அக்டோபரில், தன் செலவிலேயே சாதனத்தை அகற்றித் தருவதாக நிறுவனம் விளம்பரம் செய்தது. விற்பனை நின்று பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

1985 ஆகஸ்டில் நிறுவனம் திவால் சட்டத்தில் அடைக்கலம் புகுந்தது. 1986 ஏப்ரல் 30-க்குள் இழப்பீடு கோருமாறு நீதிமன்றம் கெடு விதித்தது. 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் குவிந்தன. ஏழை நாட்டுப் பெண்களில் எத்தனைபேர் காதுக்கு அக்கெடு எட்டியிருக்கும்? இழப்பீட்டுக்கென 247.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. மிகுந்த ஆதாரம் காட்ட இயலாதோர் 725 டாலர் பெற்று ஒதுங்கலாம். 1989-இல் வேறொரு நிறுவனம் ராபின்சை வாங்கியபோது, பங்குதாரர்களுக்கு ஏறக்குறைய 70 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கிடைத்தன.

கருத்தடைபற்றித் திருச்சபையின் போதனையை நாம் அறிவோம். ஆயின் அப்பெண்களுக்கு நேர்ந்ததை 'கடவுள் தந்த தண்டனை' என்று சொல்ல யாரும் துணிய வேண்டாம். சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்தவர்கள் பிறரைவிடப் பெரும் பாவிகளா என்று வினவிய ஆண்டவர், அந்த வாயிலை நமக்கு அடைத்துவிட்டார். துன்புற்றவளிடமே குற்றம் தேடியவர்கள் அந்த வழக்கறிஞர்கள். அதையே கடவுள் பெயரால் செய்தால் நாம் அவர்களினும் மேலானவர்கள் ஆவோமா?

ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயரும் அறிக்கையும் பரிகாரமும் ஒன்றையொன்று தேடுகின்றன. சக்கேயு நான்கு மடங்கு திருப்பித் தந்தான். அதற்குமுன் எழுந்து நின்று, தானே வாய்திறந்தான். ரிச்மண்டில் பணம் கொடுக்கப்பட்டது. அது சிறிய செயலன்று. ஆயின், "தவறு எம்முடையது, உம்முடையதன்று" என்னும் ஒரு சொல்லுக்காக அப்பெண்கள் காத்திருந்தனர். அதை எந்த நீதிமன்றமும் விலைமதிப்பிட்டு வாங்கித் தர இயலாது.

அச்சொல் 1971-லேயே ஓர் ஆலைப் பணியாளரின் நாவில் எழுந்தது. அன்று ஒருவர் செவிகொடுத்திருந்தால் போதும்.