தன்னார்வலரும் முஹ்தஸிபும்: நகரத் தூய்மை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1605-ஆம் ஆண்டளவில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் எழுப்பிய திண்டுக்கல் மலைக்கோட்டை, 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக இங்கு வந்த ஹைதர் அலியின் வாழ்வில் ஏற்றத்தின் முதற்படியாய் அமைந்தது. ஹைதர் குடும்பத்துப் பெண்மணி அமீருன்னிஸா பேகத்தின் நினைவைத் தாங்கிய பேகம்பூர் இந்நகரிலேயே உள்ளது. இத்தகைய கோட்டையின் சுவர்களில், வந்து போனோர் தம் பெயர்களைக் கீறிச் சென்றிருப்பதைக் காணும்போது நெஞ்சம் வருந்துகின்றது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைப்போருக்கு ஈராண்டுச் சிறை, ஓரிலட்ச ரூபாய் அபராதம் வரை விதிக்க, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கின்றது. ஆயினும் தண்டனை வேறு, துடைத்தெடுக்கும் பணி வேறு. பொது இடத்தின் அழுக்கை அகற்றும் கடமை எவரைச் சாரும்?

இவ்வினாவை நம் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) தம் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' நூலில், ஹிஸ்பா எனும் பொது ஒழுங்குப் பணியை விளக்குமிடத்து, அரசு நியமித்த முஹ்தஸிபையும் தானாக முன்வரும் தன்னார்வலரையும் வேறுபடுத்துகின்றார். தன்னார்வலர் வேறு அலுவல் நேர்ந்தால் பணியை விட்டுச் செல்லலாம். முஹ்தஸிபுக்கு அந்த உரிமை இல்லை. தீங்கைத் தேடிச் சென்று விசாரிப்பது முஹ்தஸிபின் கடமை. பைத்துல் மாலிலிருந்து ஊதியம் பெறவும் அவருக்கு உரிமையுண்டு. ஊரின் குடிநீர் அமைப்பு பழுதுற்றாலோ மதில் இடிந்தாலோ, பொது நிதியில் பொருளிருக்குமானால் அதிலிருந்தே செப்பனிட வேண்டும். இல்லையேல் அப்பொறுப்பு வசதி படைத்தோர் அனைவர் மீதும் விழுகின்றது என்பது அவர் கருத்து. நிதியுள்ள நிர்வாகத்தின் கடமையைத் தன்னார்வலரின் தலையில் ஏற்ற அவர் இடந்தரவில்லை.

திண்டுக்கல்லில் நகராட்சி அமைந்தது 1866-இல். அது மாநகராட்சியாக உயர்ந்தது 2014-இல். வரி செலுத்தும் மக்களுக்குத் தெருவைத் தூய்மையாய் வைத்துத் தரும் பொறுப்பு இவ்வாறு ஒரு நிறுவனத்திடம் சேர்ந்தது. ஆனால் துடைப்பம் ஏந்தும் வேலையோ, தலைமுறை தலைமுறையாகச் சில சாதியினர் மீதே சுமத்தப்பட்டு வந்தது. 1901-ஆம் ஆண்டுக் கல்கத்தா காங்கிரஸில் கழிவிடங்கள் நாறிக் கிடந்ததைக் காந்தியடிகள் சுட்டியபோது, அங்கிருந்த தொண்டர்கள் அது தோட்டியின் வேலை என்றனர். அடிகள் தாமே துடைப்பம் தேடி எடுத்துத் தம் தேவைக்குரிய இடத்தைத் துலக்கினார். எஞ்சியவற்றை ஒருவராய்த் துலக்குதல் இயலாதென்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அந்நெறி திண்டுக்கல் சமவெளியிலும் வேர்கொண்டது. 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டி அருகே நிறுவிய காந்திகிராமத்தில் உடலுழைப்பும் ஊர்த் துப்புரவும் கல்வியின் கூறுகளாயின.

நம் காலத்தில் 2015 டிசம்பர்ச் சென்னைப் பெருவெள்ளம் ஒரு பாடம் தந்தது. வெள்ளம் வடிந்தபின் முஸ்லிம் அமைப்புகளின் இளைஞர்கள் தெருக்களையும் பள்ளிவாசல்களையும் கோயில்களையும் சேறு நீக்கித் துலக்கினர். நாளிதழ்கள் அவர்களைப் பாராட்டின, அப்பாராட்டு தகுதியானதே. அதே சேற்றில், பிற மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்களும் நின்றனர். இளைஞர்கள் சில நாட்களில் இல்லம் திரும்பினர். பணியாளர்களுக்கோ தம் ஊர் திரும்பிய பின்னும் அதே துடைப்பம் காத்திருந்தது.

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த கறுப்பினப் பெண்மணி ஒருவரைப் பற்றிய ஹதீஸ் இங்கு நினைவுக்கு வருகின்றது. அவர் இரவில் இறந்துபோக, அதைச் சிறிய செய்தியெனக் கருதியோர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கம் செய்துவிட்டனர். அண்ணலார் அவரைக் காணாது விசாரித்தார்கள். தமக்கு அறிவித்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, அவருடைய கப்ரைத் தேடிச் சென்று தொழுகை நடத்தினார்கள். பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்றெனக் கற்பித்த அதே தூதர், அதை அகற்றியவரை மறக்கவுமில்லை.

எனவே நம் மஹல்லா இளைஞர்கள் ஒரு விடுமுறை நாளில் தெருவைத் துப்புரவு செய்ய முன்வருவார்களாயின், அதை வரவேற்போம். கோட்டைச் சுவரின் கீறல்களை மட்டும் தாமே சுரண்டாது, கல்லின் இயல்பறிந்த தொல்லியல் துறையினரிடம் அப்பணியை விட்டுவிடுவது நலம். ஆயின் மறுநாட்காலை அதே தெருவுக்கு வரும் பணியாளரின் பெயரை நாம் அறிந்திருக்கின்றோமா? அவருக்குக் கையுறையும் காலணியும் உரிய ஊதியமும் கிடைக்கின்றனவா என விசாரித்தோமா? அவ்விசாரணையும் ஹிஸ்பாவே. அதைச் செய்யாத வரை, நம் துடைப்பம் தெருவை மட்டுமே தூய்மை செய்திருக்கும்.