பொறி எங்கே விழ வேண்டும்?

மூடிய கலம் ஒன்றில் எரியும் வாயுவும் காற்றும் கலந்து நிற்கின்றன. ஒரு சிறு மின்பொறி போதும். கலவை முழுவதும் எரிந்துவிடும். அப்படியானால் அந்தப் பொறி கலத்தின் அடியில் விழுந்தால் என்ன, நடுவில் விழுந்தால் என்ன, வாயருகே விழுந்தால் என்ன? சிறுபிள்ளைக் கேள்வி போலத் தோன்றும் இதற்குத் தெளிவான விடை காண அறிவியலுக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வோல்ட்டாவின் துப்பாக்கி

1776ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா, மஜோரே ஏரியின் ஓரத்துச் சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்தார். நம் கிராமங்களில் கொள்ளிவாய்ப் பிசாசுக் கதைகளோடு சேர்த்துப் பேசப்படும் சதுப்பு வாயுதான் அது. இன்று அதை மீத்தேன் என்கிறோம்.

அடுத்த ஆண்டே அவர் ஒரு விந்தையான துப்பாக்கியைச் செய்தார். அதில் வெடிமருந்து இல்லை. கலத்தினுள் எரியும் வாயுவும் காற்றும். வாயில் ஒரு தக்கை. உள்ளே சிறு இடைவெளி விட்டு நிற்கும் இரு உலோக முனைகள். மின்னூட்டம் தந்ததும் முனைகளிடையே பொறி பாய்ந்தது, கலவை வெடித்தது, தக்கை பறந்தது. கோமோ நகரிலிருந்து மிலான் நகருக்குக் கம்பி இழுத்து, இங்கிருந்தே அங்குள்ள துப்பாக்கியை வெடிக்கச் செய்து செய்தி அனுப்பலாம் என்றும் வோல்ட்டா எழுதினார்.

தக்கைக்குப் பதிலாக ஒரு பிஸ்டனை வைத்தால் அதுவே எஞ்சின் அல்லவா? சுவிட்சர்லாந்தின் வலே பகுதியில் வாழ்ந்த இசாக் த ரிவாஸ் அவ்வாறே எண்ணினார். ஹைட்ரஜன் வாயுவை மின்பொறியால் எரித்து இயங்கும் எஞ்சினுக்கு 1807இல் பிரெஞ்சுக் காப்புரிமை பெற்றார். ஆனால் பொறி எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது அப்போது பெரிய கேள்வியாக எழவில்லை. கலவை நொடிப்பொழுதில் மொத்தமாக வெடிப்பதாகத் தோன்றும்போது இடத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்?

சுரங்கம் கற்பித்த பாடம்

அந்தக் கவலையைக் கொண்டுவந்தவை நிலக்கரிச் சுரங்கங்கள். அதே மீத்தேன்தான் அங்கே நிலக்கரிப் பாறைகளிலிருந்து கசிந்து, ஒரு விளக்குச் சுடர் பட்டாலும் வெடித்து, தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகப் பலிகொண்டது. 1877இல் பிரெஞ்சு அரசு இவ்வாயுவை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அப்பணியில் ஈடுபட்ட பாரிஸ் சுரங்கக் கல்லூரிப் பேராசிரியர்கள் மல்லார், ல ஷாட்லியே இருவரும் நீண்ட குழாய்களில் வாயுக் கலவையை நிரப்பி, சுடர் எவ்வாறு நகர்கிறது என்று அளந்தனர். 1883இல் தங்கள் முடிவுகளை விரிவாக வெளியிட்டனர்.

அவர்கள் கண்டது வியப்பானது. ஒரு முனை திறந்தும் மறுமுனை மூடியும் உள்ள குழாயில், திறந்த முனையில் தீ வைத்தால் சுடர் ஒரே சீராக, மெதுவாக உள்நோக்கி நடக்கிறது. மூடிய முனையில் தீ வைத்தாலோ, அதே கலவை, அதே குழாய், ஆனால் சுடர் வேகம் எடுத்துப் பாய்கிறது!

காரணம் எளிது. எரிந்த வாயு சூடேறி ஏறத்தாழ ஏழு மடங்கு விரிகிறது. தீ திறந்த முனையில் தொடங்கினால், விரிந்த வாயு பின்புறமாக வெளியேறிவிடும். மூடிய முனையில் தொடங்கினால் அதற்குப் பின்னே வழியில்லை. முன்னுள்ள எரியாத கலவையை அது தள்ளிக்கொண்டு போகிறது. ஓடும் ரயிலுக்குள் முன்னோக்கி நடப்பவனைப் போல, தானே ஓடிக்கொண்டிருக்கும் கலவைக்குள் சுடர் நடக்கிறது. மீத்தேனும் காற்றும் அசையாமல் இருக்கும்போது சுடர் அதனுள் முன்னேறும் வேகம் நொடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. ஆனால் தள்ளப்படும் கலவை கலங்கிச் சுழலும்போது அவ்வேகம் பன்மடங்காகிறது.

ஆகவே சுடர் ஒரு வழிப்போக்கன். அதற்குப் புறப்படும் இடம் உண்டு, போகும் வழி உண்டு, பயண நேரமும் உண்டு.

உருளைக்கிழங்குப் பீரங்கி

அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சிலர் பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டு உருளைக்கிழங்கை எறியும் பீரங்கி செய்வதுண்டு. அது வோல்ட்டாவின் துப்பாக்கிக்குப் பேரப்பிள்ளை எனலாம். பொறியை அடியில் வைப்பதா, நடுவிலா, கிழங்கின் அருகிலா என்பது அவர்களிடையேயும் ஓயாத விவாதம்.

களத்தில் பரப்பிய வைக்கோலை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் தீ வைத்தால் அது களத்தின் முழு நீளமும் கடக்க வேண்டும்; நடுவில் வைத்தால் எப்பக்கமும் பாதித் தூரமே. கலத்திலும் அப்படியே. நடுவில் பிறந்த சுடர் எல்லாத் திசையிலும் விரிந்து விரைவில் கலவையை முடிக்கிறது. சுவரில் பட்டு வீணாகும் வெப்பமும் குறைகிறது. ஆனால் விரைவாக எரிந்தால் அழுத்தமும் விரைவாக ஏறும். தண்ணீருக்காகச் செய்த பிளாஸ்டிக் குழாய் அதைத் தாங்காமல் கூரிய சில்லுகளாகச் சிதறக்கூடும். எனவே மாணவர்கள் செய்து பார்க்க வேண்டிய சோதனையன்று இது. சிந்தித்துப் பார்க்க வேண்டியது.

எஞ்சினில் கேட்ட தட்டல்

மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில் இதே கேள்வி உலோகத்தின் வடிவில் வந்தது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பகுதிக்குள் சுடர் தன் பயணத்தை முடித்தாக வேண்டும். அக்காலத்துப் பல எஞ்சின்களின் எரியறை பக்கவாட்டில் நீண்டு தட்டையாக இருந்தது. ஸ்பார்க் பிளக் ஒரு மூலையில். கடைசியாக எரிய வேண்டிய வாயு மறுமூலையில். சுடர் வந்து சேரும் முன்பே அந்த வாயு நெருக்கப்பட்டுச் சூடேறித் தானாகவே வெடித்தது. மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்லும் தட்டல் இதுவே. பிஸ்டனையே அழிக்கவல்லது அது.

இதற்கு இரு மருந்துகள் கண்டறியப்பட்டன. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ, தட்டலுக்குக் காரணம் கடைசி வாயுவே என்று காட்டி, எரியறையின் வடிவத்தை மாற்றினார். 1919இல் காப்புரிமை பெற்ற அவருடைய அமைப்பில் அறை சுருங்கியது, கலவை நன்கு சுழன்றது, சுடரின் வழி குறைந்தது.

அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் வேறு வழி கண்டார். பெட்ரோலில் டெட்ராஎத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் தட்டல் அடங்கியது. 1923இல் அது விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தில் அதைத் தயாரித்த ஓர் ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய நஞ்சால் இறந்தனர். எனினும் வழி மலிவானது. உலகம் அதையே பற்றிக்கொண்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயம் பல பத்தாண்டுகள் வண்டிப்புகையோடு தெருக்களில் படிந்தது. இந்தியா 2000ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் அதன் விற்பனையை நிறுத்தியது.

எரியறையின் வடிவம் மட்டுமே ஈயத்தின் வேலை முழுவதையும் செய்திருக்கும் என்று சொல்ல முடியாது. சுத்திகரிப்பு முறைகளும் மின்னணுக் கட்டுப்பாடும் சேர்ந்தே ஈயமில்லாப் பெட்ரோலைச் சாத்தியமாக்கின. ஆயினும் இன்று சாலையில் ஓடும் கார்களின் எஞ்சினைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் நான்கு வால்வுகள் சுற்றி நிற்க, நட்டநடுவே ஸ்பார்க் பிளக் இருக்கும். 1912இல் பெஜோ நிறுவனத்தின் பந்தயக் காரிலேயே இருந்த ஏற்பாடு இது!

பொறி சிறியது, அதை வைக்கும் இடமோ பெரிய விஷயம். அந்த இடத்தைத் தேடிச் சிந்திக்கும் உழைப்புக்குப் பதிலாக ஒரு சிட்டிகை நஞ்சு போதும் என்று உலகம் நம்பிய காலத்தை, அடுத்த முறை ஓர் எளிய வழி நம்மை அழைக்கும்போது நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.