விழுப்புரம், திண்டிவனம்: குடிநீரும் பொதுச் சுகாதாரமும்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்து நகரங்களான இவை ஏறத்தாழ 40 கி.மீ. இடைவெளியில் இருந்தாலும் நீர்வளத்தில் வேறுபட்டவை. விழுப்புரத்துக்குத் தெற்கே ஓடும் தென்பெண்ணையில் நீரோட்டம் நின்ற மாதங்களிலும் மணலுக்கடியில் ஊற்று இருக்கும். திண்டிவனமோ கடும்பாறைத் தரையில் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி வளர்ந்தது. 1890 வாக்கில் அங்கு ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததே, பின்னாளில் மருத்துவரான ஐடா ஸ்கடரை மருத்துவம் பயிலத் தூண்டியது என்பர். அந்த இரவைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. அவ்வூர்க் கிணற்றுநீரைப் பற்றிப் பேசுவன குறைவு. ஆட்சியமைப்பைப் பொறுத்தவரை, விழுப்புரம் 1919-இல் நகராட்சியாயிற்று.

1939-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. குடிநீர், கழிவுநீர், கொசு ஒழிப்பு, தொற்றுநோய் அறிவிப்பு ஆகியவற்றோடு, திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் அது தனி இயல் வகுத்தது. மேல்மலையனூர், கூவாகம் போன்ற விழாத்தலங்கள் உள்ள மாவட்டத்தில் இந்த அக்கறை போற்றத்தக்கது. வாந்திபேதி கூட்டத்தோடு பயணம் செய்த காலம் அது. நகராட்சிகள் வருவாயில் 30 சதவீதத்தையும் பிற உள்ளாட்சிகள் 12.5 சதவீதத்தையும் குறைந்த அளவாகச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அது விதித்தது. இரு ஊர்களின் குடிநீர் வரலாற்றையும் இச்சட்டத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். ஆனால் சிற்றூர் வருவாயின் ஒரு பங்கைக் கொண்டு கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடலாம், தடுப்பூசி போடலாம். தலைமை நீரேற்று நிலையம் கட்ட முடியாது. பெருமுதல் பாசனத்தின் வழியாகவே வந்தது. தென்பெண்ணையின் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு (1949 என்றும் 1950 என்றும் கூறுவர்) வயலுக்காகக் கட்டப்பட்டாலும், ஆற்றுமணலில் நீரை நிறுத்தி விழுப்புரத்தின் ஊற்றுக்கும் உதவியது. திண்டிவனம் வட்டாரத்துக்கு 1959-இல் வந்த வீடூர் அணையின் 605 மில்லியன் கன அடியும் பாசனத்துக்கே உரியது. அதில் புதுச்சேரிக்கும் பங்குண்டு. வாந்திபேதியைத் தணித்தது சட்டம் ஏற்படுத்திய கண்காணிப்புத்தானே என்று கேட்கலாம். அதில் உண்மை உண்டு. எனினும் கண்காணிப்பு நோயைத் தடுத்ததே தவிர நீரைக் கொண்டுவரவில்லை. சட்டம் இரு ஊர்களையும் ஒன்றாக நடத்தியது. நிலம் அப்படி நடத்தவில்லை. 1954-இன் தேசியக் குடிநீர்த் திட்டமும் 1971-இல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியமும் தேவைப்பட்டதே சட்டம் மட்டும் நீரைக் கொண்டுவரவில்லை என்பதற்குச் சான்று.

குழாய்நீர் பரவிய வேகத்தில் வடிகால் பரவவில்லை. அதன் விலை யானைக்கால் நோயில் தெரிந்தது. 1990-களில் திருக்கோவிலூர் வட்டாரச் சிற்றூர்களில் உறிஞ்சுகுழிகளின் நீர்ப்பரப்பைப் பாலிஸ்டைரீன் மணிகளால் மூடிக் கொசு முட்டையிடாமல் தடுத்த ஆய்வு, மருந்தோடு கொசுக் கட்டுப்பாடும் சேர்ந்தால் பயன் கூடும் என்று காட்டியது. எளிய பொருளால் ஆன அருமையான வேலை; நகரங்களுக்கு அது அப்படியே பொருந்துமா என்பதில் கருத்து வேறுபடலாம்.

1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்து மரக்காணம் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம் அண்மையில் அறிவிக்கப்பட்டது. விழுப்புரத்தின் ஊற்றுக்கு உதவிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டோ 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது.