தூண்டிலுக்கு வந்த நெசவுத் தார்

வெப்பமண்டலக் கடற்கரையில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவருக்கு முதல் தடை அலைதான். அலை உடையும் இடத்துக்கு அப்பால் மேயும் மீனைப் பிடிக்க, ஈயக் குண்டும் இரையும் அங்கே போய் விழவேண்டும். பழைய தூண்டில் கோல்களில் நூல் சுற்றிய உருளை, குண்டு இழுக்க இழுக்கச் சுழன்றது. பறக்கும் குண்டின் வேகம் குறைந்த பின்னும், நிலைமத்தால் உருளையின் வேகம் குறையாது. வேண்டாத நூல் வெளிவந்து பெருஞ்சிக்கலாகிவிடும்.

1884-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மல்லாக் என்பவர், வீசும்போது உருளையைப் பக்கவாட்டில் திருப்பி, நூலை அதன் விளிம்பு வழியே வழுக்கவிட்டார். சிக்கல் தீர்ந்தது, ஆனால் நூலில் சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறியது. திரும்பச் சுற்றும்போது அது இறங்கவில்லை.

1905-ல் காப்புரிமை பெற்ற இல்லிங்வொர்த், இங்கிலாந்தில் ஜவுளித் தொழில் நடத்தியவர். தறியின் நாடாவுக்குள் தார் சுழல்வதில்லை. இழை மட்டும் அதன் நுனி வழியே கழல்கிறது. நம் கைத்தறிகளிலும் இதைக் காணலாம். அவர் கருவியிலும் உருளை சுழலாது. திரும்பச் சுற்றும்போது ஒரு கொக்கி உருளையை வலம்வந்து நூலை ஏற்றும். வீச்சில் ஏறிய முறுக்கு அப்போதே இறங்கிவிடும். எவ்வளவு எளிய தீர்வு!

எஞ்சியது நூல். பட்டும் லினனும் கடல்நீரில் நனைந்தால் மட்கும். ஒவ்வொரு முறையும் நன்னீரில் அலசி உலர்த்த வேண்டும். 1938-ல் டூபான் நிறுவனம் அறிவித்த நைலான் இத்தொல்லையைப் போக்கியது. மட்காமையே அதன் சிறப்பு. பாறையில் மாட்டி அறுந்த நரம்பும் மட்குவதில்லை. பவளக் கிளைகளிலும் கடலாமைகளின் துடுப்புக்கால்களிலும் சுற்றி இறுக்கிக்கொண்டு அப்படியே கிடக்கிறது.