கற்பூர ஊசியும் காதில் கேட்கும் குரலும்

1/ "டாக்டர், ஃபிட்ஸ் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறான். இப்போ காதுல யாரோ பேசுறாங்கன்னு சொல்றான். மனநோய் மாத்திரை கொடுத்தா மறுபடி ஃபிட்ஸ் வந்துடாதா?" ஓபியில் வீட்டார் கேட்கும் கேள்வி இது. பயம் நியாயமானதுதான். பதிலுக்கு முன்னாடி ஒரு பழைய கதை.

2/ 1930கள், ஹங்கேரியின் புடாபெஸ்ட். லாடிஸ்லாஸ் மெதூனா என்ற டாக்டர் இறந்தவர்களின் மூளையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார். வலிப்பு இருந்தவர்களிடம் கிளையா என்ற துணை செல்கள் அதிகம், மனச்சிதைவு இருந்தவர்களிடம் குறைவு என்று அவருக்குத் தோன்றுகிறது. 'இரண்டும் ஜென்ம எதிரிகள், ஒன்று வந்தால் மற்றது ஓடிவிடும்' என்ற முடிவுக்கு வருகிறார்.

3/ அப்போ வலிப்பை வரவழைச்சா மனச்சிதைவு போகணும்ல? 1934 ஜனவரியில், நாலு வருஷமா அசையாமல் பேசாமல் இருந்த நோயாளிக்குக் கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து ஊசி போட்டார். ஆமாங்க, கற்பூரமேதான். வலிப்பு வந்தது. சில ஊசிகளுக்குப் பிறகு அவர் தேறினார் என்று மெதூனா எழுதினார்.

4/ 1938இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் ஊசிக்குப் பதில் மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். இன்று மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் இசிடி அதன் வழி வந்ததுதான். சிகிச்சை நிலைச்சுது. 'எதிரிகள்' என்ற கொள்கை நிலைக்கல.

5/ முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது. 1950களில் சுவிட்சர்லாந்தின் லாண்டோல்ட் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். சில வலிப்பு நோயாளிகளுக்கு இஇஜி நார்மலாகும்போது மனம் குழம்புகிறது. இஇஜி கெட்டால் மனம் தெளிகிறது!

6/ 1963இல் லண்டனில் ஸ்லேட்டரும் சகாக்களும் இரண்டு நோயும் உள்ள 69 பேரை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வலிப்பு தொடங்கி சராசரியாக 14 வருஷம் கழித்து மனநோய் வந்திருந்தது. தற்செயல் இல்லை என்பது அவர்கள் முடிவு. எதிரிகள்னு நினைச்ச ரெண்டும் ஒரே வீட்டில் குடியிருக்குது.

7/ அதனால இன்று நாங்கள் முதலில் கேட்பது "எப்போ ஆரம்பிச்சுது?" அடுத்தடுத்து ஃபிட்ஸ் வந்து, ஓரிரு நாள் நல்லா இருந்து, பிறகு சந்தேகமும் குரலும் வரலாம். இது பெரும்பாலும் சில நாள் முதல் சில வாரத்தில் அடங்கும். ஆனால் அந்த நாட்களில் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் ஆபத்து உண்டு. வீட்டில் வைத்துப் பார்க்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க.

8/ புது ஃபிட்ஸ் மாத்திரை தொடங்கிய பின் வந்ததா? அதையும் சொல்லுங்க. லெவெடிராசெட்டம் போன்றவை சிலருக்கு மனநிலையை மாற்றும். மாற்று மருந்து இருக்கு.

9/ இப்போ முதல் கேள்விக்குப் பதில்: ரெண்டு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாம். க்ளோசபின் போன்ற சில மருந்துகள் வலிப்பைத் தூண்டக்கூடும். ரிஸ்பெரிடோன் போன்றவற்றில் அந்த ஆபத்து குறைவு. குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவோம். கார்பமசெபின் சாப்பிட்டால் ரிஸ்பெரிடோன் ரத்தத்தில் குறைந்துவிடும். அதனால் ரெண்டு டாக்டரிடமும் எல்லா மாத்திரையையும் காட்டுங்க.

10/ ஒன்றே ஒன்று மட்டும் செய்யாதீங்க. 'பேய் பிடிச்சிருக்கு', 'மாத்திரைதான் மூளையைக் கெடுத்துது' என்று ஃபிட்ஸ் மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். ரெண்டு நோய்னாலும் மூளை ஒண்ணுதான். ரெண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்கணும்.