சவுண்ட் கார்டு எங்கே போயிற்று?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் நின்று கொஞ்சம் கவனித்தால் ஒரே நேரத்தில் பல சத்தங்கள் கேட்கும். அலை, சிற்பக் கூடங்களில் உளி விழும் ஓசை, சுண்டல்காரர் குரல், பஸ் ஹாரன். ஆனால் காதுக்கு வருவது நான்கு தனித்தனி அதிர்வுகள் அல்ல. காற்றே நான்கையும் கூட்டி ஒன்றாக்கிக் கொண்டுவந்து தருகிறது. ஒலி உலகில் இந்தக் கூட்டலுக்குத்தான் மிக்ஸிங் என்று பெயர்.

கம்ப்யூட்டர் கேமுக்குள் காற்று கிடையாது. துப்பாக்கி, காலடி, பின்னணி இசை எல்லாவற்றையும் யாராவது கூட்டித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். தனி சிப் கூட்டினால் ஹார்டுவேர் மிக்ஸிங். கம்ப்யூட்டரின் பிராசசரே கூட்டினால் சாஃப்ட்வேர் மிக்ஸிங். கேட்க சின்ன விஷயம். ஆனால் இதை வைத்துப் பல வருடம் வியாபாரப் போட்டி நடந்தது, கோர்ட் கேஸ் நடந்தது, ஒரு கம்பெனி திவாலே ஆனது.

கூட்டல் கணக்கு

1989ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை வெளியிட்டது. நிறுவனர் சிம் வோங் ஹூ. அந்தக் கார்டில் இசைக்குத் தனி சிப் இருந்தது. ஆனால் பதிவு செய்த சத்தங்களுக்கு ஒரே ஒரு வழிதான். இரண்டு சத்தம் சேர்ந்து கேட்க வேண்டுமானால் பிராசசர்தான் முன்கூட்டியே கூட்டித் தர வேண்டும்.

அது எவ்வளவு வேலை? 32 சத்தங்களை சிடி தரத்தில், ஸ்டீரியோவில் கலப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 44,100 × 2 × 32. அதாவது வினாடிக்கு 28,22,400 தடவை ஒலியளவால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அன்றைய 66 மெகாஹெர்ட்ஸ் 486 பிராசசருக்கு வினாடிக்கு 6.6 கோடி துடிப்புகள். ஒரு பெருக்கலுக்கே பத்துக்கு மேல் துடிப்புகள் போய்விடும். ஆக 40 சதவீதத்துக்கும் அதிகமான சக்தி சத்தத்துக்கே காலி! படத்தையும் அதே பிராசசர்தான் வரைய வேண்டும்.

1992ல் வந்த கனடாவின் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் இந்தச் சுமையைத் தானே ஏற்றது. சத்தங்களைக் கார்டின் சொந்த நினைவகத்தில் ஏற்றிவிட்டு, 'இதை இந்த அளவில் ஒலி' என்று கட்டளை கொடுத்தால் போதும். 32 சத்தம் வரை அதுவே கலக்கும். ஆனால் 14ஐத் தாண்டினால் தரம் இறங்கத் தொடங்கும். பெரும்பாலான கேம்கள் சவுண்ட் பிளாஸ்டருக்காகவே எழுதப்பட்டதால் சந்தையும் அதன் பக்கமே நின்றது.

புரோகிராமர்கள் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். 1996ன் குவேக் கேம் வினாடிக்கு 44,100க்குப் பதில் 11,025 மாதிரிகளோடு நிறுத்திக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பெருக்காமல், விடைகளை முன்பே அட்டவணையாகப் போட்டு வைத்துக்கொண்டது. வாய்ப்பாடு மனப்பாடம் செய்வது போலத்தான்.

ஜெயித்தவர் தோற்ற கதை

1995ல் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்சவுண்ட் வந்தது. கார்டால் முடிந்தால் கார்டு கலக்கும், இல்லாவிட்டால் பிராசசர் கலக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் புரோகிராமருக்குத் தலைவலி. ஒரு கார்டு 8 சத்தம் தாங்கும், இன்னொன்று 32, மற்றொன்று ஒன்றுமே தாங்காது. ஒரே கேம் மூன்று வீட்டில் மூன்று விதமாக ஒலிக்கும். மூன்றிலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் காலத்தில்தான் அமெரிக்காவின் ஆரியல் நிறுவனம் 1998ல் வோர்டெக்ஸ் 2 சிப்பைக் கொண்டுவந்தது. சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கூடக் கணக்கிட்டது. அதே வருடம் கிரியேட்டிவின் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் வந்தது. ஆரியல் மேல் காப்புரிமை வழக்கும் வந்தது. 1999 டிசம்பரில் ஆரியல் ஜெயித்தது. ஆனால் வழக்குச் செலவே அதை முடித்துவிட்டது. 2000ல் திவாலான அதன் சொத்துக்களை 3.2 கோடி டாலருக்கு வாங்கியது யார்? வழக்குப் போட்ட அதே கிரியேட்டிவ்!

காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். போட்டியாளர் போன பிறகும் கிரியேட்டிவுக்கு நிம்மதி இல்லை. இன்டெல்லின் ஏசி'97 தரம் 1997லேயே வந்திருந்தது. மதர்போர்டிலேயே ஒரு மலிவான சிப். அது எண்களை ஒலியாக மாற்றும், அவ்வளவுதான். கூட்டல் முழுக்க பிராசசர் பொறுப்பு. 2000ல் பிராசசர்கள் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டன. 40 சதவீதம் தின்ற அதே வேலை இப்போது 3 சதவீதத்தில் முடிந்தது. செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸ் வாங்கி கம்ப்யூட்டர் பொருத்துகிறவர், மதர்போர்டிலேயே சத்தம் வரும்போது தனிக் கார்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

2004ன் டூம் 3 தன் சத்தத்தை சாஃப்ட்வேரிலேயே கலந்தது. அதன் நிழல் வரையும் முறை ஒன்றுக்கான காப்புரிமை கிரியேட்டிவிடம் இருந்தது. அதைக் காட்டி, தன் ஈஏஎக்ஸ் ஒலி வசதியை அந்தக் கேமில் சேர்க்க வைத்தது கிரியேட்டிவ். கார்டின் தேவை குறையக் குறைய, காப்புரிமையே ஆயுதமானது.

கடைசி அடி 2007ல். விண்டோஸ் விஸ்டா டைரக்ட்சவுண்டின் ஹார்டுவேர் வழியை மூடிவிட்டது. பழைய கேம்களின் 3டி ஒலி ஒரே நாளில் சப்பென்று ஆனது. அதைச் சரிசெய்ய ஆல்கெமி என்ற இடைநிலை மென்பொருளை கிரியேட்டிவே தர வேண்டியதாயிற்று.

முடிந்ததா?

இன்று எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்களே பெரும்பாலான கேம்களின் சத்தத்தைக் கலக்கின்றன. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஒரு சாதாரண லேப்டாப்பே போதும். சின்ன ஊர் மாணவருக்கு இது பெரிய லாபம்.

ஆனால் 2020ல் வந்த பிளேஸ்டேஷன் 5ல் சோனி ஒலிக்கென்றே டெம்பஸ்ட் என்ற தனிப் பகுதியை வைத்தது. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதை நம்பவைக்கும் கணக்குக்கு அது. ஆரியல் 1998ல் தொட்டுப் பார்த்த அதே திசை! வெறும் கூட்டல் மலிவாகிவிட்டது. அதை மட்டும் விற்றவர்களுக்குச் சந்தை போய்விட்டது. கடற்கரையில் கண்ணை மூடிக்கொண்டே உளிச் சத்தம் வலது பக்கம், அலை இடது பக்கம் என்று சொல்லிவிடுகிறோமே, அந்த வேலைக்குத்தான் சோனி தனிப் பகுதி வைத்தது.