அமெரிக்க நாட்டில் முற்போக்குப் பேச்சு வானொலி: தோற்றமும் ஒடுக்கமும்

முன்னுரை

ஒரு நாட்டில் எல்லார்க்கும் பேச்சுரிமை உண்டு என்று சட்டம் கூறுவது ஒன்று. அப்பேச்சு ஊர்தோறும் சென்று ஒலிப்பதற்கு வழியிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்தறிதற்கு வானொலியின் வரலாறு பெரிதும் துணைசெய்யும். இதழ் நடத்த விரும்புவோர் எத்துணைப் பேராயினும் அச்சகம் நிறுவிக்கொள்ளலாம். அலைவரிசையோ எண்ணிக்கையில் வரையறைப்பட்டது. ஓரூரில் ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசுங்கால் பிறிதொருவர் அதிற் பேசுதல் இயலாது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2004-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31-ஆம் நாள் ‘ஏர் அமெரிக்கா’ என்னும் பெயரால் ஒரு பேச்சு வானொலி வலையமைப்புத் தொடங்கப்பெற்றது. அந்நாட்டு அரசியல் வழக்கில் ‘லிபரல்’ எனப்படும் முற்போக்குக் கொள்கையினர், பழமை பேணுவோரின் வானொலி வன்மைக்கு எதிராக எழுப்பிய பெருமுயற்சி அதுவாகும். ஆறாண்டு நிறைவதற்குள், 2010 சனவரியில், அது மறைந்தது. அதன் வீழ்ச்சிக்குக் காரணம் யாது? முற்போக்காளர்க்கு வானொலியிற் பேசத் தெரியாது என்பர் ஒரு சாரார். அவர்தம் பேச்சைக் கேட்பார் இலர் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பொருந்துமா என ஆராய்ந்து, தலையாய காரணம் நிலையங்களின் உடைமையிலும் பொருள் வரும் வழியிலும் கிடந்தது எனக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடுநிலை விதியும் அதன் நீக்கமும்

அமெரிக்காவில் வானொலி உரிமம் வழங்கும் பொறுப்பு நடுவண் செய்தித்தொடர்பு ஆணையத்தினுடையது. அவ்வாணையம் 1949-ஆம் ஆண்டில் ஒரு விதியை வகுத்தது. உரிமம் பெற்றோர் பொதுமக்களைப் பற்றிய பூசலுக்குரிய பொருள்களுக்குத் தக்க நேரம் ஒதுக்கல் வேண்டும். ஒதுக்குங்கால் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளித்தல் வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். இரு பக்கத்தார்க்கும் நிமிடக் கணக்கில் ஒத்த நேரம் தரல் வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்விதி பேச்சுரிமைக்கு முரணானதோ என்னும் வினா உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. பென்சில்வேனியா மாநிலத்து ரெட் லயன் என்னும் சிற்றூரின் நிலையம் ஒன்று, எழுத்தாளர் ஒருவரைத் தாக்கிய சமய உரையொன்றை ஒலிபரப்பியது. அவருக்கு மறுமொழி கூற நேரந்தரவும் மறுத்தது. 1969-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. ஒலிபரப்புவோரின் உரிமையினும் கேட்போரின் உரிமையே தலைமையானது என்பது அத்தீர்ப்பின் அடிக்கருத்து.

காலப்போக்கில் எதிர்க்கருத்து வலுப்பெற்றது. பூசலுக்கு அஞ்சிய நிலையத்தார் அரசியற் பொருள்களையே தொடாது விடுகின்றனர். ஆதலின் விதி தன் நோக்கத்தையே கெடுக்கின்றது என்று பலர் வாதிட்டனர். இவ்வாதம் முற்றும் தள்ளத்தக்கதன்று. விதியைச் சட்டமாக்கக் காங்கிரசு நிறைவேற்றிய முன்வரைவைக் குடியரசுத் தலைவர் ரீகன் 1987 சூனில் மறுத்தார். ஆகத்துத் திங்களில் ஆணையம் அவ்விதியைக் கைவிட்டது.

பழமையாளர் பேச்சு வானொலியின் வளர்ச்சி

விதி நீங்கிய மறு ஆண்டிலேயே, 1988 ஆகத்தில், ரஷ் லிம்பா என்பார் நாடளாவிய நிகழ்ச்சியை நியூயார்க்கிலிருந்து தொடங்கினார். இதனைக் கொண்டு, விதியின் நீக்கமே அனைத்தையும் விளைத்தது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. பிற காரணங்களும் உடனிருந்தன. இசை நிகழ்ச்சிகள் ஒலித் தெளிவு மிக்க பண்பலைக்குப் பெயர்ந்துவிட்டமையால், மத்திய அலை நிலையங்கள் நிகழ்ச்சியின்றியும் வருவாயின்றியும் வாடின. அவற்றிற்குச் செலவு குறைந்த பொருள் தேவைப்பட்டது, பேச்சு அத்தகையது.

லிம்பாவின் நிகழ்ச்சியைப் பரப்பியோர் கையாண்ட முறை ஈண்டுக் கருதத்தக்கது. நிலையங்கள் அந்நிகழ்ச்சிக்குப் பணமாக விலை கொடுக்க வேண்டியதில்லை. அதனிடையே வரும் விளம்பர நேரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாற் போதும். பொருளிலா நிலையமும் புகழ்பெற்ற நிகழ்ச்சியைப் பெற இது வழிசெய்தது. அந்நிகழ்ச்சி பின்னர் 600-க்கு மேற்பட்ட நிலையங்களில் ஒலித்தது. 1994 தேர்தலில் குடியரசுக் கட்சி கீழவையைக் கைப்பற்றிய பொழுது, புதிய உறுப்பினர்கள் லிம்பாவைத் தம்முள் ஒருவராகப் பாராட்டிச் சிறப்பித்தனர். 2021-இல் மறையுமளவும் அவர்தம் செல்வாக்குக் குன்றவில்லை.

இரண்டாவது பெருமாற்றம் 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தால் விளைந்தது. அதற்குமுன் ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் உடைமை கொள்ளுதல் இயலாது. அச்சட்டம் இவ்வரம்பை நீக்கியது. கிளியர் சேனல் என்னும் நிறுவனம் சில ஆண்டுகளில் 1,200-க்கு மேற்பட்ட நிலையங்களை உடையதாயிற்று. லிம்பாவின் நிகழ்ச்சியைப் பரப்பும் உரிமையும் அதனிடமே சேர்ந்தது. நிலையமும் நிகழ்ச்சியும் ஒரு கைப்பட்டன.

இதற்கிடையே முற்போக்காளர் சிலர் தனித்தனியே முயன்றனர். தெக்சாசு மாநிலத்து ஜிம் ஐடவர் 1994-இலும், நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் மாரியோ கோமோ 1995-இலும் நிகழ்ச்சி தொடங்கினர். இரண்டும் நெடிது நில்லாமல் முடிந்தன. நாள் முழுதும் ஒரு கருத்தைக் கேட்டுப் பழகியோர், இடையே ஒரு மணி நேரம் மாற்றுக் குரல் வரின் நிலையத்தை மாற்றுதல் இயல்பு. ஆகவே நாள் முழுதும் முற்போக்குப் பேச்சே வழங்கும் வலையமைப்பு வேண்டும் என்னும் எண்ணம் உருவாயிற்று.

ஏர் அமெரிக்காவின் தொடக்கம்

அவ்வெண்ணத்தைச் செயற்படுத்த முன்வந்தோர் சிகாகோ நகரத்து முதலீட்டாளராகிய செல்டன் துரோப்னி, அனிதா துரோப்னி என்னும் இணையர். 2003-இல் அவர்கள் இட்ட திட்டம் வேறு முதலீட்டாளர் கைக்கு மாறி, 2004 மார்ச்சில் ஒலிபரப்பாக வெளிப்பட்டது. தலைமை நிகழ்ச்சியாளர் ஆல் பிராங்கன். தொலைக்காட்சி நகைச்சுவையால் பெயர்பெற்றவர். நடிகை ஜெனீன் கரோபலோ, பாடகர் சக் டி ஆகியோரும் உடனிருந்தனர். வானொலிப் பேச்சிலே நெடும்பயிற்சி உடையவராக வந்தவருள் ராண்டி ரோட்சு குறிப்பிடத்தக்கவர். அந்நாளில் பெரிதும் அறியப்படாத ரேச்சல் மேடோ என்னும் இளையரும் ஒரு நிகழ்ச்சியிற் பங்கு கொண்டார்.

பிராங்கன் தம் நிகழ்ச்சிக்கு முதலில் இட்ட பெயர், பழமையாளர் தரப்புப் பேச்சாளர் பில் ஓரைலியின் நிகழ்ச்சிப் பெயரைத் திரித்து நகையாடுவது. எதிரியின் நிகழ்ச்சியை நினைவூட்டும் பெயரால் தன்னை அறிவித்துக்கொண்ட அவ்வலையமைப்பு, அவர்க்கு மறுமொழியாகவே பிறந்தது என்பதை இச்சிறு செய்தி புலப்படுத்தும்.

இனி நிலையங்களை நோக்குவோம். ஏர் அமெரிக்காவுக்குச் சொந்த நிலையம் ஒன்றேனும் இல்லை. நியூயார்க்கில் டபிள்யூ.எல்.ஐ.பி. என்னும் நிலையத்தின் நேரத்தை அது குத்தகைக்கு எடுத்தது. அந்நிலையம் கறுப்பின மக்களின் உடைமை. அம்மக்களுக்கும் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்க்கும் உரிய நிகழ்ச்சிகளை நெடுங்காலம் வழங்கி வந்தது. அந்நிகழ்ச்சிகளின் இடத்தையே புதிய வலையமைப்புப் பெற்றது. பழைய நேயர்கள் வருந்திக் குறைகூறினர். குரலற்றோர்க்குக் குரலாவோம் என்றெழுந்த முயற்சி, முன்னரே அங்கு ஒலித்த குரலொன்றை அகற்றியே தன் இடத்தைப் பெற வேண்டியதாயிற்று. அலைவரிசை வரையறைப்பட்டது என்னும் உண்மை இதனினும் தெளிவாக விளங்குதல் அரிது.

சிகாகோவிலும் லாசு ஏஞ்சல்சிலும் நேர்ந்தது இன்னும் விரைவான இடர். தொடங்கி இரண்டு வாரங்களில், கட்டணம் பற்றிய பூசலால் அவ்விரு நகரத்து நிலைய உரிமையாளர் ஒலிபரப்பை நிறுத்தினர். உண்டெனக் கூறப்பட்ட முதல் உண்மையில் அவ்வளவில்லை என்பது சில வாரங்களில் வெளிப்பட்டது. மே மாதத்தில் தொடக்க நிருவாகிகள் விலகினர். நியூயார்க்கின் பிராங்சுப் பகுதியில் சிறுவர்க்கென நடந்த ஓர் அறநிலையத்திலிருந்து 8,75,000 டாலர் வலையமைப்பிற்கு மாற்றப்பட்டிருந்தமை 2005-இல் வெளிவந்து, பெரும் பழியாயிற்று. பின்வந்த உரிமையாளர் அத்தொகையைத் திருப்பிச் செலுத்தினர்.

இத்தனை இடரிடையும் வலையமைப்பு வளர்ந்தது என்பதை மறத்தல் ஆகாது. 2006-இல் ஏறத்தாழ 90 நிலையங்கள் அதன் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பின. ஆயின் அவற்றுட் பல கிளியர் சேனலுக்கு உரியவை. ஆற்றல் குறைந்த ஒலிபரப்பிகளை உடையவையும் இருந்தன. 2006 செப்டம்பரில் நியூயார்க்குக் குத்தகை முடிய, வலையமைப்பு வேறொரு நிலையத்திற்குக் குடிபெயர்ந்தது. பல பெருநிறுவனங்கள் தம் விளம்பரம் அதனிடையே வருதல் கூடாது என்று அறிவுறுத்தியிருந்தமையைக் காட்டும் சுற்றறிக்கையொன்று அவ்வாண்டு அக்டோபரில் வெளிப்பட்டது. அதே மாதம் 13-ஆம் நாள் வலையமைப்பு நொடிப்புப் பாதுகாப்பை நாடியது. அதன் உடைமை ஏறத்தாழ 43 இலட்சம் டாலர். கடனோ 2 கோடி டாலர் அளவினது.

2007 பெப்ரவரியில் பிராங்கன் மின்னசோட்டா மாநிலத்து மேலவைத் தேர்தலில் நிற்க விலகினார். மார்ச்சில் ஸ்டீபன் கிரீன் என்னும் மனைத்தொழிற் செல்வர் வலையமைப்பை வாங்கினார். அவர் உடன்பிறந்தார் மார்க் கிரீன் தலைவரானார். 2008-இன் பொருளியல் வீழ்ச்சி விளம்பர வருவாயை மேலும் சுருக்கியது. 2010 சனவரி 21-இல் நேரடி ஒலிபரப்பு நின்றது.

முன்னோர் முயற்சியொன்று

இவ்வலையமைப்பு எழுவதற்கு 55 ஆண்டுகட்கு முன், அதே நாட்டில் வேறொரு முறையில் ஒரு நிலையம் எழுந்தது. அதனை ஒப்பிட்டு நோக்கின் காரணம் தெளிவாகும். இரண்டாம் உலகப்போரில் படைப்பணியை மனச்சான்றின்படி மறுத்தவராகிய லூயி இல் என்பார், தோழர் சிலருடன் பசிபிக்கா அறக்கட்டளையை 1946-இல் நிறுவினார். அவ்வமைப்பின் கே.பி.எப்.ஏ. என்னும் நிலையம் கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் 1949 ஏப்ரல் 15-இல் ஒலிக்கத் தொடங்கியது. அது பெற்ற உரிமம் பண்பலைக்குரியது. பண்பலைப் பெட்டியை உடையார் அந்நாளில் மிகச் சிலரே. 1950-இல் பொருளின்றி நிலையம் வாய்மூடியது. நேயர்களே கூடிப் பொருள் திரட்டினர். மறு ஆண்டில் அது மீண்டும் பேசிற்று.

விளம்பரத்தை ஏலாது, நேயர் விரும்பித் தரும் ஆண்டுக் கட்டணத்தால் நிலையத்தை நடத்துதல் இல்லின் கொள்கை. கேட்கத்தக்கோருள் நூற்றுக்கு இருவர் பணம் தந்தாலும் நிலையம் வாழும் என்று அவர் கணக்கிட்டார். பசிபிக்கா பின்னர் லாசு ஏஞ்சல்சு, நியூயார்க், ஊசுட்டன், வாசிங்டன் ஆகிய நகரங்களிலும் நிலையம் பெற்றது. 1963-இல் மேலவையின் குழுவொன்று அதனை விசாரித்தது. உரிமங்கள் நிலுவையில் நின்று 1964-இல் புதுப்பிக்கப்பட்டன. ஊசுட்டன் நிலையம் 1970-இல் இருமுறை குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது, இருமுறையும் மீண்டெழுந்தது. இதனால் பசிபிக்காவைக் குறையற்றதென உயர்த்திக் கூறுதல் நம் கருத்தன்று. உட்பூசல்கள் அதனைப் பன்முறை அலைக்கழித்தன. 1999-இல் பெர்க்கிலி நிலைய ஊழியர் கதவடைக்கப்பட்டு வெளியே நின்றனர். அதன் நேயர் தொகையும் பெரிதன்று. ஆயினும் உரிமமும் ஒலிபரப்பியும் தன் கையிலிருந்தமையின், பிறரால் வெளியேற்றப்படும் நிலை அதற்கு நேரவில்லை.

மாற்றுக் கருத்துகள்

இனி, முன்னுரையிற் கூறிய இரு கூற்றுகளையும் ஆராய்வோம். முற்போக்காளர்க்குப் பேசத் தெரியாது என்பது சான்றுக்கு ஒவ்வாது. ராண்டி ரோட்சு, புளோரிடாவில் லிம்பாவின் நிகழ்ச்சி ஒலித்த நிலையத்திலேயே பேசிப் புகழ்பெற்றவர். மேடோ 2008-இல் தொலைக்காட்சிக்குச் சென்று நாடறிந்தவரானார். கேட்பார் இலர் என்பதும் அவ்வாறே. ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நிலையத்தில் முற்போக்குப் பேச்சு நிறைந்த நேயரைப் பெற்றது. ஆயினும் 2012 நவம்பரில் உரிமையாளர் அந்நிலையத்தை விளையாட்டுச் செய்திக்கு மாற்றினர். கேட்போர் விரும்பியும் நிலையம் அவருடையதன்று.

மற்றொரு கருத்தில் ஓரளவு உண்மையுண்டு. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த பொதுமக்கள் வானொலி, முற்போக்கு நேயருள் பெரும்பகுதியினரை முன்னரே ஈர்த்துவிட்டது. கறுப்பின மக்களுக்கும் இசுபானிய மொழியார்க்கும் தனி நிலையங்கள் இருந்தன. எனவே புதிய வலையமைப்பு நாடிய கூட்டம் பல இடங்களிற் பிரிந்து கிடந்தது. இது வளர்ச்சியைத் தடுத்திருக்கலாம். இரண்டு வாரத்தில் இரு பெருநகரங்களை இழந்தமைக்கு இது காரணம் ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: நடுநிலை விதி நீங்கியபின், வானொலியில் எப்பேச்சு நிலைபெறும் என்பதைச் சட்டம் முடிவு செய்யவில்லை; நிலையம் உடையோரும் விளம்பரம் தருவோரும் முடிவு செய்தனர். பழமையாளர் பேச்சு, வெற்றிடமாய்க் கிடந்த நிலையங்களை விலையின்றி நிறைத்து, சிறுகச் சிறுகப் பரவியது. முற்போக்காளர் பேச்சோ, இடமெல்லாம் நிறைந்தபின், கடன்பெற்ற முதலுடன், குத்தகை அலைகளில், ஒரே நாளில் முழு வலையமைப்பாக எழ முயன்றது. குத்தகை நிலத்தில் நெடுநாட் பயிரை நட்டவன் நிலை அதற்கு நேர்ந்தது.

எனினும் நட்டது முழுதும் அழிந்ததெனல் ஆகாது. பிராங்கன் 2009-இல் மேலவையிற் பதவியேற்று 2018 சனவரி வரை இருந்தார். சாம் சேடர் தம் பழைய நிகழ்ச்சியை 2010-இலேயே இணைய ஒலிபரப்பாகத் தொடர்ந்து, நேயர் கட்டணத்தைத் துணைக்கொண்டார். லூயி இல் பெர்க்கிலியில் கண்ட வழிக்கே அம்முயற்சி வந்து சேர்ந்தது. அலைவரிசையின் தட்டுப்பாடு இணையத்தில் இல்லை. ஆயின் பேசுவோனைத் தாங்கும் பொருள் யாரிடமிருந்து வருகின்றது, அவனை நிறுத்தும் ஆற்றல் யார் கையில் இருக்கின்றது என்னும் வினாக்கள் அங்கும் உளவாதலின், இவ்வரலாறு இன்றும் கற்கத்தக்கதாகும்.